முகவரி உள்ளவர்மேல் விழும் பழி

“பையன் செத்தது அந்தக் கிளப்புல. மாத்திரை கைமாறுனதும் அந்தக் கிளப்புல. அப்புறம் இழுத்துப் பூட்டாம வேற என்னப்பா செய்யச் சொல்றே?”

சித்தப்பாவின் கேள்வியில் தப்பில்லை. லண்டனில் ஃபேப்ரிக் என்ற நைட் கிளப்பை 2016இல் மூடிய கதையை யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர், ஆறு வார இடைவெளியில், போதை மாத்திரையால் இறந்திருக்கிறார்கள். பெற்றவர்களை நினைத்துப் பார்த்தால் ‘பூட்டு’ என்ற சொல்தான் வாயில் வரும். அது இரக்கத்தில் பிறந்த சொல். அதே இரக்கத்தோடுதான் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்: பூட்டினால் அடுத்த பிள்ளை பிழைக்குமா? டீயை மெதுவாகக் குடியுங்கள், இது சற்று நீளமான கதை.

ஃபேப்ரிக் இருப்பது லண்டனின் ஃபாரிங்டன் பகுதியில், ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைக்கு எதிரே. விக்டோரியா காலத்துக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றைப் புதுப்பித்து 1999 அக்டோபரில் திறந்தார்கள். சந்தைக்காரர்கள் கடை விரிக்கும் பின்னிரவில்தான் இங்கே ஆட்டம் உச்சத்தில் இருக்கும். முதல் அறையின் ஆடுதளத்துக்கு அடியில் அதிர்வுக் கருவிகளைப் பதித்திருந்தார்கள். தாளம் காதில் விழுவதோடு உள்ளங்காலிலும் ஏறும். 2007, 2008 இரண்டு ஆண்டுகளிலும் டிஜே மேக் இதழின் வாக்கெடுப்பில் உலகின் முதல் கிளப் என்ற இடம் இதற்குத்தான்.

அங்கே மரணங்களும் நடந்தன. மூன்றாண்டுகளில் நான்கு பேர் இறந்த பிறகு, 2014 டிசம்பரில் அந்தப் பகுதியை நிர்வகிக்கும் இஸ்லிங்டன் கவுன்சில் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. வாசலில் மோப்ப நாய் நிறுத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கிளப் மேல்முறையீட்டுக்குப் போனது. 2015 டிசம்பரில் நீதிபதி கிளப்பின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மற்ற கிளப்புகள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய முன்மாதிரி என்கிற அளவுக்குப் பாராட்டினார். 2016 ஜூன் கடைசியில் ஒரு பையன் இறந்தான். ஆகஸ்ட் தொடக்கத்தில் இன்னொருவன். காவல்துறை உரிமத்தை நிறுத்தக் கேட்டது. செப்டம்பர் 6ஆம் தேதி மாலை தொடங்கிய விசாரணை நள்ளிரவைத் தாண்டியது. விடிவதற்குள் உரிமம் ரத்து. நீதிமன்றத்தில் முன்மாதிரி, ஒன்பது மாதத்தில் கவுன்சிலில் தகுதியில்லாத இடம். ஒரே கிளப், ஒரே நிர்வாகம்.

சித்தப்பா கலெக்டர் அலுவலகத்தில் சினிமா தியேட்டர்களுக்கான ‘சி’ படிவ உரிமம் பார்த்த பிரிவில் வேலை செய்தவர். அதனால் இந்த இடம் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. தியேட்டரில் அவசரக் கதவு அடைபட்டிருந்தால் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அதற்கு முதலாளி குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டமும் அப்படித்தான். குற்றத்தைத் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இல்லாமை, சிறுவர்களைக் காப்பது என்று நான்கு நோக்கங்கள். இவை காக்கப்படுகின்றனவா என்று கவுன்சிலர்கள் அடங்கிய சிறு குழு பார்க்கும். குற்ற வழக்கில் தேவைப்படுகிற சந்தேகத்துக்கு இடமற்ற நிரூபணம் இங்கே வேண்டாம். கிளப் எந்தத் தவறும் செய்யாமலேகூட உரிமத்தை இழக்கலாம். உரிமத்தை எடுப்பது தண்டனை இல்லை, தடுப்பு நடவடிக்கை என்பது சட்டத்தின் பார்வை.

“அப்ப சரிதானே? தடுக்கத்தானே பூட்டுனாங்க” என்றார்.

தடுத்ததா என்பதுதான் பேச்சு. குழு என்ன காரணம் எழுதியது என்று பாருங்கள். வாசலில் சோதனை போதவில்லை. மாத்திரையோடு உள்ளே வருகிறார்கள், உள்ளேயும் வாங்குகிறார்கள். போதைப் பழக்கமே அங்கே ஒரு கலாசாரமாகிவிட்டது. நிர்வாகத்தால் அதைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஜூலையில் சாதாரண உடையில் போன காவலர்கள், உள்ளே சூழல் நட்பாகவும் அச்சமில்லாமலும் இருந்ததாக எழுதியிருந்தார்கள். ஆனாலும் வியர்த்துக் கொட்டிய ஆட்கள், சிவந்து பளபளத்த கண்கள், வெறித்த பார்வை எல்லாம் கண்முன் இருந்தும் ஊழியர்கள் கண்டுகொள்ளவில்லை என்று குழு முடிவு செய்தது.

அந்தக் குற்றச்சாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளை மயங்குகிற நிலையில் இருக்கும்போது பார்த்தும் பாராமல் போகிற ஊழியர் இருந்தால் அது பெரிய தவறு. ஆனால் நெரிசலான அறையில் நான்கு மணி நேரம் ஆடிய எவருக்கும் வியர்க்கும், கண் சிவக்கும். அவர்களில் யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, அந்த மாத்திரை உடம்பில் என்ன செய்யும் என்பதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எக்ஸ்டசி என்றும் எம்டிஎம்ஏ என்றும் சொல்கிறார்களே, அது உடம்பின் வெப்பக் கட்டுப்பாட்டைக் குலைத்துவிடும். ஆட ஆடச் சூடு ஏறும், களைப்பு தெரியாது. சூடு ஒரு அளவைத் தாண்டினால் தசை சிதையும், சிறுநீரகம் நிற்கும். பயந்துபோய்க் குடம்குடமாகத் தண்ணீர் குடித்தால் அதிலும் ஆபத்து; உப்பளவு இறங்கி மூளை வீங்கிவிடும். 1995இல் எசெக்ஸில் ஒரு பெண் இறந்தது அப்படித்தான். தன் பதினெட்டாவது பிறந்தநாள் விருந்தில், சொந்த வீட்டில், மாத்திரை போட்டுக்கொண்டு லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்திருந்தாள். இன்னொரு சங்கதி: மாத்திரை வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவதைப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்து எழும்போது நிலைமை கைமீறும்.

அந்தப் பெண் மாத்திரை போட்டதும் சுருண்டதும் வீட்டில். ஆனால் நாடே கொதித்தபோது சட்டம் போய் நின்றது கிளப்பின் வாசலில். 1997இல் வந்த சட்டம், போதைப் பிரச்சினை உள்ள கிளப்பை, மேல்முறையீடு முடியும்வரை காத்திருக்காமல் உடனே மூடும் அதிகாரத்தைக் கவுன்சில்களுக்குக் கொடுத்தது. ஏன் கிளப்? அதற்கு மட்டும்தான் முகவரி இருக்கிறது என்பதால். மாத்திரை செய்தவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்றே தெரியாது. விற்றவன் பல சமயம் கூட்டாளியின் கூட்டாளி. போட்டுக்கொண்டவன் இறந்துவிட்டான். நோட்டீஸ் ஒட்டக் கதவும், பறிக்க உரிமமும், கூப்பிட்டால் வந்து நிற்க ஒரு நிர்வாகியும் இருப்பது கிளப்பில்தான்.

மாத்திரை எப்படி மாறியது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். எம்டிஎம்ஏ செய்யப் பயன்படும் மூலப்பொருள்களில் ஒன்று சாஃப்ரோல் என்ற எண்ணெய். கம்போடியாவின் ஏலக்காய் மலைத்தொடரில் வளரும் ஒருவகை மரத்தின் வேரைக் காய்ச்சி அந்த எண்ணெயை எடுத்தார்கள். 2008இல் ஆஸ்திரேலியக் காவல்துறையின் உதவியோடு அங்கே 33 டன் எண்ணெயைப் பிடித்துத் தீ வைத்தார்கள். அதிலிருந்து 24 கோடிக்கும் மேல் மாத்திரை செய்திருக்கலாம் என்று கணக்குச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டனில் எக்ஸ்டசி என்று விற்ற மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் எக்ஸ்டசியே இல்லை, வேறு ரசாயனங்கள். மெஃபெட்ரோன் என்ற புதுச் சரக்கு அந்த வெற்றிடத்தில் புகுந்தது. 2010இல் அதையும் தடைசெய்தார்கள். அதற்குள் தயாரிப்பாளர்கள் வேறு மூலப்பொருளைப் பிடித்துவிட்டார்கள். எக்ஸ்டசி திரும்பி வந்தது, முன்னைவிட வீரியமாக. தொண்ணூறுகளில் ஒரு மாத்திரையில் 50 முதல் 80 மில்லிகிராம் வரை இருந்தது. 2015 வாக்கில் ஐரோப்பாவில் 125 மில்லிகிராம் அளவில் இருந்தது, சிலவற்றில் 300க்கு மேல். இங்கிலாந்து, வேல்ஸில் எக்ஸ்டசி சம்பந்தப்பட்ட மரணங்கள் 2010இல் 8, 2015இல் 57, 2018இல் 92. அந்த ஏற்றத்துக்கும் ஃபேப்ரிக்கின் வாசல் சோதனைக்கும் எவ்வளவு தொடர்பு இருக்க முடியும்? ஃபேப்ரிக்கில் இறந்தவர்களும் இந்த ஏற்றத்தின் ஆண்டுகளில் இறந்தவர்களே. ஒரு தலைமுறைக்கு முந்தைய மாத்திரையின் இரண்டு மூன்று மடங்கை, ஒன்று என்று நினைத்து விழுங்கிய பிள்ளைகள் அந்த ஆண்டுகளில் எத்தனையோ பேர்.

இப்படிச் சொல்வதால் கிளப் முதலாளிகளை நான் விடுவிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிட்டனில் சில கிளப்புகள் செய்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. எக்ஸ்டசி போட்டவர்கள் மது வாங்குவதில்லை, வியாபாரம் படுத்தது. அதனால் கழிப்பறைக் குழாயில் குளிர்ந்த தண்ணீரை அடைத்துவிட்டு, பாட்டில் தண்ணீரைக் கொள்ளை விலைக்கு விற்றார்கள். உடம்பு கொதிக்கிற பிள்ளைக்குத் தண்ணீரை அடைப்பது கொலைக்குச் சமம். கேட்டவருக்கு இலவசமாகக் குடிநீர் தர வேண்டும் என்பதை இங்கிலாந்தில் கட்டாய நிபந்தனையாக்க 2010 வரை ஆனது. வாசலும் அப்படித்தான். மான்செஸ்டர், எசெக்ஸ் போன்ற இடங்களில் வாசல் காவலைக் கைப்பற்றிய கும்பல்தான் உள்ளே யார் விற்கலாம் என்று முடிவு செய்தது. வாசல் காவலர்களுக்கே தனி உரிமம் வேண்டும் என்ற சட்டம் 2001இல் வந்தது. முதலாளி செய்ய வேண்டியது, அவரால் செய்ய முடிவது, செய்யாவிட்டால் தண்டிக்க வேண்டியது என்று தெளிவான பட்டியல் உண்டு: தண்ணீர், காற்றோட்டம், நெரிசலைக் குறைப்பது, இளைப்பாற ஒரு அறை, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர், தயங்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது. இதில் எது தவறினாலும் பூட்டட்டும், சிறையிலும் போடட்டும்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. ஒழுங்காக நடந்துகொள்கிற நிர்வாகிக்கும் அதே பூட்டு விழுந்தால், ஒழுங்காக நடக்க அடுத்தவருக்கு என்ன காரணம் மிஞ்சும்?

கிளாஸ்கோவில் ஆர்ச்சஸ் என்று ஒரு இடம் இருந்தது. நகரின் மத்திய ரயில் நிலையத்துக்கு அடியில், செங்கல் வளைவுகளுக்குள், 1991இலிருந்து நாடகம், இசை, நடனம் என்று நடந்த கலைக்கூடம். இரவு கிளப்பில் வந்த பணம்தான் நாடகங்களைப் பெரிதும் தாங்கியது. 2014 பிப்ரவரியில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அங்கே மாத்திரையால் சுருண்டு விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகு காவல்துறையின் அழுத்தம் கூடியது. 2015 மே மாதம் உரிம வாரியம் நள்ளிரவோடு மூட வேண்டும் என்று உத்தரவிட்டது. கிளப் வருமானம் நின்றது. ஜூனில் நிறுவனமே திவாலானது. இதில் என்னை உறுத்துவது ஒன்று. ஆர்ச்சஸ் ஊழியர்கள் பிடித்த ஒவ்வொரு பொட்டலத்தையும், நடந்த ஒவ்வொரு சம்பவத்தையும் காவல்துறைக்கு ஒழுங்காகத் தெரிவித்து வந்தார்கள். அந்தப் பதிவுகளே பின்னால் அவர்களுக்கு எதிராக வரிசையாக வைக்கப்பட்டன. தெரிவிக்காமல் குப்பையில் போட்டிருந்தால் கணக்கு குறைந்திருக்கும்.

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஆபீஸ்லயும் அதேதான். குறைன்னு ஃபைல்ல எழுதுனவனுக்குத்தான் மெமோ வரும். எழுதாதவன் நிம்மதியா ரிட்டையர் ஆவான்” என்றார்.

அதுவேதான். இன்னொன்று சொல்கிறேன், இது கிளப்பே இல்லை. கேம்பிரிட்ஜில் வீடற்றவர்களுக்கான பகல் நிலையம் ஒன்று. அங்கே வந்தவர்களுக்குள் ஹெராயின் கைமாறியது. நிலையத்தை நடத்திய இருவர், விற்றவர்களை உள்ளே வராதபடி தடை செய்தார்கள். ஆனால் தங்களை நம்பி வந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் காவல்துறையிடம் கொடுக்க மறுத்தார்கள். 1971ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் எட்டாவது பிரிவு, தன் பொறுப்பில் உள்ள இடத்தில் விற்பனை நடப்பது தெரிந்தும் அனுமதிப்பதைக் குற்றமாக்குகிறது. 1999 டிசம்பரில் ஒருவருக்கு ஐந்தாண்டு, இன்னொருவருக்கு நான்காண்டு சிறை. பெரிய எதிர்ப்புக் கிளம்பி, 2000ஆம் ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை வெளியே விட்டது. டிசம்பரில் தண்டனையைக் குறைத்தது, குற்றத் தீர்ப்பை மட்டும் மாற்றவில்லை. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 25ஆவது பிரிவும் இதே அச்சில் வார்த்தது: இடத்துக்கு உரியவர் தெரிந்தே அனுமதித்தால், குற்றம் செய்தவருக்கு என்ன தண்டனையோ அது அவருக்கும். ‘தெரிந்தே’ என்று சட்டம் கேட்பது நியாயம்தான். தெரியாமல் நடந்ததற்கு ஒருவரை உள்ளே தள்ளக் கூடாது. ஆனால் நடைமுறையில் அது எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம், தெரிந்துகொள்ளாதே என்பது.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தை நேராகவே எழுதப் பார்த்தார்கள். 2002இல் செனட்டர் ஜோ பைடன் கொண்டுவந்த மசோதாவின் முன்னுரையில், இசை விருந்து நடத்துகிறவர்கள் தண்ணீர் பாட்டிலை அதிக விலைக்கு விற்பதும், உடம்பைக் குளிரவைக்கத் தனி அறை வைப்பதும் அங்கே போதை புழங்குவதன் அடையாளங்களாகச் சொல்லப்பட்டிருந்தன. உயிரைக் காப்பாற்றும் அறை சாட்சியமாகிவிட்டது. எதிர்ப்பு வந்ததால் 2003இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வரிகள் இல்லை. சட்டம் மட்டும் இருக்கிறது. இரண்டரை லட்சம் டாலர், அல்லது அந்த நிகழ்ச்சி வசூலின் இரு மடங்கு, எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். பாதுகாப்பு ஏற்பாடு செய்தால் ‘தெரிந்தே நடத்தினாய்’ என்பார்களோ என்ற பயத்தில் பல நிகழ்ச்சிக்காரர்கள் மாத்திரைச் சோதனை செய்யும் தொண்டர்களை உள்ளேயே விடுவதில்லை.

“சரி, நாயை விட்டுப் பிடிச்சா உள்ளயே வராதில்ல?” என்றார் சித்தப்பா. இதைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். ஃபேப்ரிக் நிர்வாகம் மோப்ப நாயை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது பலருக்குக் கெட்ட எண்ணமாகத் தோன்றும். ஆனால் 2009இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், இசை விழா வாசலில் நாயைப் பார்த்த பதினேழு வயதுப் பெண், கையில் இருந்த மாத்திரைகளைப் பயத்தில் விழுங்கி இறந்தாள். 2017 டிசம்பருக்கும் 2019 ஜனவரிக்கும் இடையில் நியூ சவுத் வேல்ஸ் மாநில இசை விழாக்களில் இறந்த ஆறு இளைஞர்களைப் பற்றிய மரண விசாரணையிலும் இதே கதை வந்தது. அவர்களில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, வாசலில் போலீஸ் பிடித்துவிடுமோ என்று அஞ்சி, கொண்டுவந்ததை எல்லாம் உள்ளே போகும் முன்பே போட்டுக்கொண்டாள். விசாரணை நடத்திய துணை கரோனர் ஹாரியட் கிரஹாம், விழாக்களில் மோப்ப நாய்களை நிறுத்துங்கள், மாத்திரைச் சோதனையைத் தொடங்குங்கள் என்று 2019 நவம்பரில் பரிந்துரைத்தார். அரசு அப்போது மறுத்துவிட்டது. அந்த மாநிலத்தில் சோதனை முயற்சி தொடங்கியது 2025இல். இடையில் கழிந்த ஆண்டுகளுக்கு எந்தக் கிளப்பும் பொறுப்பில்லை. அவற்றின் பொறுப்பு அமைச்சரவையுடையது.

அமைச்சரவை என்று சொன்னதால், எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் 1992இலிருந்து ஒரு ஏற்பாடு உண்டு. யார் வேண்டுமானாலும் வாங்கிய மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பெயர் கேட்காமல் பரிசோதித்துச் சொல்வார்கள். டிரிம்போஸ் என்ற ஆய்வு நிறுவனம் முடிவுகளைத் திரட்டி, நாட்டில் என்னென்ன புழங்குகிறது என்பதைக் கண்காணிக்கும். 2014 டிசம்பரில் இளஞ்சிவப்பு நிறத்தில் சூப்பர்மேன் முத்திரை போட்ட மாத்திரை ஒன்று அவர்கள் மேஜைக்கு வந்தது. உள்ளே எக்ஸ்டசி இல்லை, பிஎம்எம்ஏ. இது இன்னும் தாமதமாக வேலை செய்யும், இன்னும் கொடிய விஷம். உடனே நாடு முழுக்க எச்சரிக்கை போனது. அங்கே அந்த மாத்திரையால் யாரும் இறந்ததாகப் பதிவில்லை. அதே மாத்திரை வட கடலைத் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டிய நாள்களில் சஃபோக் மாவட்டத்திலும் டெல்ஃபோர்டிலும் நான்கு ஆண்கள் இறந்தார்கள். எச்சரிக்கை ஒரு கரையில் இருந்தது, சாவு மறுகரையில். அந்த நான்கு சாவுக்கும் எந்தக் கிளப்பின் உரிமத்தைப் பறிப்பது?

இப்போது 2016க்குத் திரும்புவோம். ஃபேப்ரிக்கின் இரண்டு மரணங்களுக்கும் நடுவில், அதே ஜூலை மாதம், கேம்பிரிட்ஜ்ஷையரில் சீக்ரெட் கார்டன் பார்ட்டி என்ற இசை விழாவில் ஒரு கூடாரம் போட்டார்கள். குற்றவியல் பேராசிரியர் ஃபியோனா மெஷமும் தோழர்களும் தொடங்கிய ‘தி லூப்’ என்ற அமைப்பு, காவல்துறையின் ஒத்துழைப்போடு, பிரிட்டனில் முதல்முறையாக விழாத் திடலிலேயே பொதுமக்கள் கொண்டுவந்த மாத்திரைகளைச் சோதித்தது. வந்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, விற்றவன் சொன்ன பொருளே இல்லை. முடிவைக் கேட்டவர்களில் ஐந்தில் ஒருவர் மிச்சத்தை அங்கேயே ஒப்படைத்துவிட்டுப் போனார். சட்டத்தை மாற்றாமல், யாரையும் கைது செய்யாமல், பேசியே நடந்தது. லண்டனுக்கு வடக்கே ஒரு கவுன்சிலும் காவல்துறையும் இதற்கு இடம் கொடுத்த அந்தக் கோடையில்தான் லண்டனுக்குள் இன்னொரு கவுன்சிலும் காவல்துறையும் பூட்டைத் தேடின.

அந்த இரண்டு பிள்ளைகளின் கையில் இருந்ததை யாராவது சோதித்துச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார்களா? அப்படி உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. எச்சரித்த பிறகும் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. சொந்த விருப்பத்தில் செய்ததற்குச் சொந்தப் பொறுப்பும் உண்டு. பதினெட்டு வயது ஓட்டுப் போடும் வயது. ஆனால் தான் எடுப்பது என்ன, எவ்வளவு என்று தெரியாதவனிடம் முழுப் பொறுப்பையும் ஏற்றிவிட்டு மற்றவர்கள் எழுந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பூட்டிய பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் வழக்கு நிதி சேர்ந்தது. லண்டன் மேயர் சாதிக் கான், எட்டாண்டுகளில் நகரம் பாதி கிளப்புகளை இழந்துவிட்டது என்று கவலைப்பட்டார். மேல்முறையீடு கோர்ட்டுக்கு வருமுன் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. 2016 நவம்பர் 21 அன்று உடன்பாடு. 2017 ஜனவரி 6 அன்று கதவு திறந்தது. நிபந்தனைகள் 32. வார இறுதி இரவுகளில் 19 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் அனுமதி, அடையாள அட்டையை ஸ்கேன் செய்வது, கூடுதல் சோதனை, கூடுதல் கேமரா, வெளிச்சம், மாறுவேடக் கண்காணிப்பு, புதிய காவல் நிறுவனம். போதைப்பொருளோடு பிடிபட்டாலோ, உள்ளே வாங்க முயன்றாலோ வாழ்நாள் தடை.

அந்த வாழ்நாள் தடையில் என் மனம் நிற்கிறது. உள்ளே ஒருவன் மாத்திரை போட்டு உடம்பு கொதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் சிநேகிதன் காவலரிடம் போய் உண்மையைச் சொல்வானா, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று மூலையில் உட்காரவைப்பானா? எக்ஸ்டசி மரணத்தில் அப்படிக் கழியும் நேரம்தான் எல்லாம். ஓடிவந்து சொல்கிறவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை என்று வாசலிலேயே பெரிதாக எழுதிவைக்க முடியாதா? என் கையில் அதிகாரம் இருந்தால் முதல் நிபந்தனையாக அதைத்தான் எழுதுவேன். இரண்டாவதாக, சோதனைக் கூடாரம்.

“அதுக்கு யார் தடையா இருக்கா?”

கிளப்போ, கவுன்சிலோ தனியாக முடிவெடுக்க முடியாது, சித்தப்பா. மாத்திரையைச் சோதிக்க அதைக் கையில் வாங்க வேண்டும்; உரிமம் இல்லாமல் கையில் வாங்கினாலே சட்டப்படி வைத்திருந்த குற்றம். உள்ளூர்க் காவல்துறை கண்டும் காணாமல் இருந்தவரைதான் கூடாரம் ஓடியது. 2023இல் மான்செஸ்டரின் பார்க்லைஃப் விழாவில், பல ஆண்டுகளாக நடந்துவந்த சோதனைக்கு உள்துறை அமைச்சகத்தின் தனி உரிமம் வேண்டும் என்று விழாவுக்குச் சில நாள் முன்னால் சொன்னார்கள். அந்த ஆண்டு சோதனை நடக்கவில்லை. 2024 ஜனவரியில் பிரிஸ்டலில், தி லூப் அமைப்புக்கு உள்துறையின் உரிமம் கிடைத்து, நகரின் நடுவிலேயே முறையான சோதனை நிலையம் ஒன்று திறந்தது. ஃபேப்ரிக்கின் உரிமத்தைப் பறிக்க ஒரு மாலையும் ஒரு பின்னிரவும் போதுமாக இருந்தது. இந்த உரிமத்தைக் கொடுக்க, முதல் கூடாரம் போட்ட நாளிலிருந்து ஏழரை ஆண்டுகள் பிடித்தன. அதைத் தாமதித்தவர்கள் யார் என்று எந்தக் குழுவும் நள்ளிரவு வரை உட்கார்ந்து விசாரிக்கவில்லை.